கண்ணனைத் தேடும் கம்ப்யூட்டர்

எண்ணூறு பேரின் பெயர், போன் நம்பர், மெயில், வீட்டு முகவரி. ஆளுக்கு 500 பைட் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் மொத்தம் 400 கிலோபைட்தான் ஆகிறது. செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போல ஐந்தாறு மடங்கு இடம் பிடிக்கும். அந்தப் படத்தைத் தட்டியவுடன் திறந்து காட்டுகிற கம்ப்யூட்டர், சிஸ்டத்தை அப்கிரேட் செய்த மறுநாள் காலையில், முகவரிப் புத்தகத்தில் 'ம' என்று ஓர் எழுத்தைத் தட்டினால் திணறுகிறது. மேக் என்றால் வண்ணப் பந்து சுற்றத் தொடங்கும், விண்டோஸ் என்றால் நீல வளையம். ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால், "புது சிஸ்டத்தை பழைய மெஷின் தாங்காது சார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும்.

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய அதே மெஷின்தானே இது? எண்ணூறு பெயர்களைப் புரட்டுவதற்கு இன்றைய எந்தச் சில்லுக்கும் மூச்சு வாங்காது. உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி.

ஆப்பிள் மேக்கையே எடுத்துக்கொள்வோம். 'அட்ரஸ் புக்' என்ற பெயரில் இருந்து, 2012ல் மவுன்டன் லயன் வந்தபோது 'காண்டாக்ட்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்ட செயலி அதில் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, லயனில், தோல் அட்டையும் தைத்த நடுமடிப்புமாக அசல் புத்தகம் போலவே அதைத் திரையில் வரைந்து வைத்திருந்தார்கள். 2013ல் மாவெரிக்ஸில் அந்தத் தோலை உரித்துவிட்டார்கள். எந்த வேஷம் போட்டாலும் உள்ளே பக்கமும் இல்லை, வரியும் இல்லை. இருப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பு ஒன்று.

இந்த எஸ்கியூலைட்டின் பிறப்பே தனிக்கதை. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், கடற்படைப் போர்க்கப்பல்களுக்கான ஒரு மென்பொருள் வேலையில் இருந்தார். தகவல் எல்லாம் தனியாக ஓடும் ஒரு தரவுத்தள சர்வரில் இருந்தது. சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் படுத்துவிடும், பழி மட்டும் இவர் தலையில் விழும். சர்வரே வேண்டாம், சாதாரணக் கோப்பு ஒன்றிலிருந்து நேரடியாகப் படித்தால் என்ன என்று யோசித்தார். 2000ல் எஸ்கியூலைட் வந்தது. இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் என்று எங்கும் அதுதான். லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எஸ்கியூலைட் கோப்புகள் புழக்கத்தில் இருக்கலாம் என்பது அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு. உங்கள் மாமா பெண்ணின் போன் நம்பரும் அவற்றில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோப்பில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சேர்த்த வரிசையில் கிடக்கும். அகர வரிசை பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதற்கு இன்டெக்ஸ் என்று பெயர். எந்தப் பெயர் எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லும் துணைப் பட்டியல் அது. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் 1970ல் வகுத்த 'பி-ட்ரீ' என்ற அமைப்பில்தான் இன்றும் அதை அடுக்குகிறார்கள். நடுவில் ஒரு பெயரைப் பார், தேடுவது அதற்கு முன்னாலா பின்னாலா என்று முடிவு செய், மீதிப் பாதியைத் தூக்கிப் போடு. சாரம் இவ்வளவுதான். 1,024 பெயர்களில் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பத்து ஒப்பீடு போதும். பத்து லட்சம் பெயர் என்றாலும் இருபதுதான். பெயர்கள் ஆயிரம் மடங்கு பெருகினால் வேலை இரண்டு மடங்குதான் ஆகிறது.

இந்த வித்தை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. பட்டியலை அடுக்கியபோது எது முன், எது பின் என்று எந்த விதியை வைத்து முடிவு செய்தார்களோ, தேடும்போதும் அதே விதி இருக்க வேண்டும். சிஸ்டம் அப்கிரேட் கை வைப்பது பல சமயம் இங்கேதான்.

தமிழ்ப் பெயர்களை வைத்தே பார்க்கலாம். கண்ணன், கணேசன் என்று இரண்டு பேர். அகராதிப்படி யார் முதலில்? 'ண்' என்ற மெய் முன்னால் வரும், ண, ணா, ணே எல்லாம் பின்னால். ஆகவே கண்ணன் முதலில், கணேசன் அடுத்து. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடின் வரிசை இதற்கு நேர் எதிர். இந்தியாவின் பழைய இஸ்கி அட்டவணையை ஒட்டி அமைத்ததால், அதில் புள்ளிக்குக் கால், கொம்பு, கொக்கி எல்லாவற்றுக்கும் பின்னால் எண் விழுந்துவிட்டது. வெறும் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் கணேசன் முந்திக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதும் ஆசிரியர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால்தான் ஒவ்வொரு மொழிக்கும் தனி வரிசை விதி எழுதி வைத்திருக்கிறார்கள், தமிழுக்கும் உண்டு.

இப்போது பழைய சிஸ்டம் எண் வரிசையில் அடுக்கிவைத்தது, புதியது தமிழ் விதியைப் பின்பற்றுகிறது என்று வையுங்கள். பட்டியலில் கணேசன், அடுத்து கண்ணன். நீங்கள் கண்ணனைத் தேடுகிறீர்கள். கம்ப்யூட்டர் கணேசனிடம் வந்து நிற்கிறது. புது விதிப்படி கண்ணன் கணேசனுக்கு முன்னால்தானே இருக்க வேண்டும்? ஆகவே முன்பக்கம் போகிறது. அங்கே அவர் இல்லை. "இப்படி யாரும் இல்லை" என்கிறது. கண்ணனோ அடுத்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இது கற்பனைக் கவலை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி-யின் 2.28ஆம் பதிப்பு வந்தது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை அதில் மொத்தமாகப் புதுப்பித்திருந்தார்கள். ஒரு சின்ன உதாரணம்: '11', '1-1' என்று இரண்டைக் கொடுத்தால் பழைய பதிப்பு 11-ஐ முதலில் வைத்தது, புதியது 1-1-ஐ. பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற பெரிய தரவுத்தளங்கள் வரிசைக்கு இந்த நூலகத்தையே நம்பியிருந்தன. சிஸ்டத்தை மட்டும் மாற்றிவிட்டு இன்டெக்ஸைத் திரும்பக் கட்டாதவர்களுக்கு, இருக்கும் பதிவு இல்லை என்று வந்தது. ஒருமுறைக்கு மேல் வரவே கூடாத பதிவு இரண்டு முறை உள்ளே போனது. எந்த எச்சரிக்கையும் திரையில் வரவில்லை என்பதுதான் கொடுமை.

ஆகவே யோசித்துச் செய்யப்பட்ட சிஸ்டம், விதி மாறியது தெரிந்தவுடன் பழைய இன்டெக்ஸைக் கடாசிவிட்டு முதலிலிருந்து கட்டும். ஆண்ட்ராய்டில் போனின் மொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினால்கூட, காண்டாக்ட்ஸ் பின்னணியில் பெயர் வரிசைகளைத் திரும்ப எழுதுகிறது. அந்த நேரத்துக்கு வேகம் குறையும். தப்பான விடையை வேகமாகச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்கிரேட் ஆன முதல் இரவில் இது ஒன்று மட்டும் நடப்பதில்லை. மேக்கில் 2005 முதல் இருக்கும் ஸ்பாட்லைட் தேடல், வட்டிலுள்ள எல்லாக் கோப்புகளையும் மறுபடி படிக்கப் புறப்படுகிறது. அதற்கு வசதியாக முகவரிப் புத்தகம் ஆளுக்கொரு குட்டிக் கோப்பு எழுதி வைக்கும். எண்ணூறு பேர் என்றால் எண்ணூறு குட்டிக் கோப்பு. இன்னொரு பக்கம் கிளவுட் கணக்குகள். கார்டுடேவ் என்ற நெறிமுறையில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பதிப்பு அடையாளம் உண்டு. சாதாரண நாளில், "போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது?" என்று கேட்டு நாலைந்தை மட்டும் இறக்கும். அப்கிரேடில் அந்தப் 'போன தடவை' என்ற குறிப்பு தொலைந்துபோனால், எண்ணூறையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாக வேண்டும்.

பிறகு இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் வேலை. எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிடுவது என்று கிளம்பினால் ஆயிரம் பேருக்கு 4,99,500 ஜோடி. ஐயாயிரம் பேர் என்றால் 1,24,97,500. பெயர்கள் ஐந்து மடங்கு, வேலை இருபத்தைந்து மடங்கு. நல்ல மென்பொருள் குறுக்குவழி வைத்திருக்கும், எல்லாமே நல்ல மென்பொருளாக இருப்பதில்லை.

கொஞ்சம் விலகி ஒரு விஷயம், ரசிக்கத் தகுந்தது என்பதால். போன் அடித்தவுடன் பெயர் வருகிறதே, எப்படி? நீங்கள் சேமித்தது பத்து இலக்கம். அழைப்பு வருவது +91 சேர்த்து. இன்னொருவர் முன்னால் பூஜ்யம் போட்டுச் சேமித்திருப்பார். ஆரம்பம் ஒத்துப்போகாது, கடைசி இலக்கங்கள்தான் ஒத்துப்போகும். இன்டெக்ஸுக்கோ ஆரம்பத்திலிருந்து தேடத்தான் தெரியும், வாலைப் பிடித்துத் தேடத் தெரியாது. ஆண்ட்ராய்டை எழுதியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம்பரின் கடைசி ஏழு இலக்கங்களை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, தனிப் பட்டியலில் எழுதி வைத்தார்கள். வால் தலையாகிவிட்டது. தேடல் சுலபமாகிவிட்டது. பெயரின் நடுவில் தேடுவதில்தான் இன்னும் சிக்கல். 'குமார்' என்று தட்டி செந்தில்குமாரும் வர வேண்டுமென்றால் சாதாரண இன்டெக்ஸ் கைவிட்டுவிடும், முழுப் பட்டியலையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். எஸ்கியூலைட்டில் மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி இதற்கென்றே இன்டெக்ஸ் போடும் வசதி 2020 டிசம்பரில்தான் வந்தது.

சரி, பின்னணியில் வேலை நடந்தால் நடக்கட்டும், திரை ஏன் உறைய வேண்டும்? சின்ன மளிகைக் கடையில் கல்லாவில் ஒருவரே இருந்து, அவரே குடோனுக்குப் போய் மூட்டையும் எடுத்து வந்தால், அவர் உள்ளே போன நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. ஒவ்வொரு செயலியிலும் திரையையும் கீபோர்டையும் கவனிக்க ஒரே ஒரு இழைதான் இருக்கிறது, மெயின் த்ரெட் என்பார்கள். வட்டிலிருந்து படிக்கவோ நெட்வொர்க்கிலிருந்து பதில் வாங்கவோ அதையே அனுப்பிவிட்டால் பந்து சுற்றும். அந்தப் பந்தைச் செயலி காட்டுவதில்லை. செயலி சில விநாடிகளாகப் பதில் பேசவில்லை என்று கண்டுகொண்டு சிஸ்டம் காட்டுவது. பத்தில் ஒரு விநாடிக்குள் விடை வந்தால் நமக்கு 'உடனே' என்று தோன்றும், ஒரு விநாடி தாண்டினால் எண்ண ஓட்டம் அறுபடும் என்று கம்ப்யூட்டர் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதினார். அதன் வேர் 1968ல் ராபர்ட் மில்லர் எழுதிய ஆய்வில் இருக்கிறது. முப்பது விநாடி சுற்றும் பந்து நம்மை என்ன பாடு படுத்தும் என்று தனியாக ஆராய்ச்சி தேவையில்லை.

இனி ரிப்பேர். முதல் மருந்து காத்திருப்பு. அப்கிரேட் ஆன அன்று எதையும் அழிக்காதீர்கள். சார்ஜரில் மாட்டி, இன்டர்நெட்டை விட்டுவைத்து, தூங்கவிடாமல் ஓர் இரவு ஓடவிடுங்கள். மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை ஒருமுறை முடிந்தால் முடிந்ததுதான். ஒரு நாள், போனால் இரண்டு நாள் கழித்தும் அப்படியே இருந்தால் அது கோளாறு. அப்போது இறங்கலாம்.

இறங்கும்போது செய்ய வேண்டியது இடத்தைக் கண்டுபிடிப்பது. மேக்கில் எந்த வேலை எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' செயலியைத் திறந்து, சிபியு வாரியாக வரிசைப்படுத்துங்கள். 'எம்டிஎஸ்', 'எம்டிவொர்க்கர்' என்ற பெயர்கள் மேலே நின்றால் ஸ்பாட்லைட் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. 'அட்ரஸ்புக்சோர்ஸ்சிங்க்' நின்றால் கிளவுட் கணக்கு. யாருமே அதிகம் உழைக்காமல் பந்து மட்டும் சுற்றினால், செயலி எதற்காகவோ காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். அநேகமாக நெட்வொர்க்.

அதை உறுதிசெய்ய ஒரு விநாடி போதும், வைஃபையை அணைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். சட்டென்று வேகம் வந்துவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு கணக்கு. வேலை மாறி வருஷங்கள் ஆன பழைய கம்பெனியின் மெயில் கணக்கு செட்டிங்ஸில் உயிரோடு இருக்கும், அந்த சர்வர் உலகத்திலேயே இருக்காது. ஒவ்வொரு தேடலிலும் அந்தச் செத்த சர்வரைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருமா என்று காத்திருக்கும். கணக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. நான் பார்த்தவரை இந்தச் சாதாரணக் காரணத்தைத்தான் யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை.

வைஃபை இல்லாமலும் மந்தம் என்றால், அதே மெஷினில் புதிதாக ஒரு யூசர் கணக்கு உண்டாக்கி, அங்கே காண்டாக்ட்ஸைத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாக இருந்தால் சிஸ்டமும் மெஷினும் நிரபராதி, உங்கள் தரவில்தான் சிக்கல். ரிப்பேர் கடையின் தீர்ப்பு இந்த இடத்தில் தள்ளுபடியாகிவிடும். இன்னும் உள்ளே பார்க்க ஆசையென்றால், உறைந்திருக்கும்போதே ஆக்டிவிட்டி மானிட்டரில் 'சாம்பிள்' எடுக்கலாம். மெயின் த்ரெட் அந்த நொடியில் எந்தெந்த வேலையில் நின்றது என்று பட்டியல் வரும். முழுதும் புரியாவிட்டாலும் பாதகமில்லை. 'எஸ்கியூலைட்3 ஸ்டெப்' என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தரவுத்தளத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறது, 'சாக்கெட்' என்று வந்தால் நெட்வொர்க். அவ்வளவு படிக்கத் தெரிந்தால் போதும்.

தரவில் சிக்கல் என்றால் பெரும்பாலும் இரட்டிப்புகள். காண்டாக்ட்ஸின் 'கார்டு' மெனுவில் அவற்றைத் தேடித் தரும் கட்டளை இருக்கிறது. தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு அது முழுதாக உதவாது. கௌரி என்ற பெயரைப் பலர் 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாகத் தட்டுவார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு ஆள். ஒகரக் கொம்பில் இந்தத் தொல்லை குறைவு: 'கொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம், இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஔகாரத்தில் 'ள'வை வைத்துப் போலி செய்வதற்கு அப்படி எந்த விதியும் இல்லை. ஒரே கௌரி இரண்டு முறை இருந்தால் நீங்களே கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கடைசி மருந்து, தரவுத்தளத்தையே புதிதாகக் கட்டுவது. முதலில் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' போய் 'காண்டாக்ட்ஸ் ஆர்க்கைவ்' எடுத்து வெளி வட்டில் வையுங்கள். கூடவே எல்லாரையும் தேர்ந்தெடுத்து விகார்டு என்ற பொது வடிவத்திலும் ஒரு பிரதி. இரண்டும் ஒன்றல்ல. ஆர்க்கைவைத் திரும்ப ஏற்றினால் இப்போது இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டு உட்காரும். விகார்டு இருப்பதோடு வந்து சேரும், குழுக்கள் மட்டும் அதில் பெரும்பாலும் தங்காது. ஆனால் 1995ல் ஆப்பிளும் ஐபிஎம்மும் ஏடி அண்ட் டியும் சீமென்ஸும் சேர்ந்து உருவாக்கிய அந்த வடிவத்தை இன்றும் எந்தப் போனும் படிக்கும்.

பிறகு செட்டிங்ஸில் கிளவுட் கணக்கின் காண்டாக்ட்ஸ் சுவிட்சை அணையுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இங்கே அழிப்பது போனிலும் அழியும். அடுத்து செயலியை மூடிவிட்டு, ஃபைண்டரில் 'கோ' மெனுவை ஆப்ஷன் விசையோடு திறந்தால், 2011லிருந்து ஒளித்து வைத்திருக்கும் 'லைப்ரரி' தெரியும். அதற்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்', அதற்குள் 'அட்ரஸ்புக்'. அந்த ஃபோல்டரை அழிக்காமல் டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி, மெஷினை ரீஸ்டார்ட் செய்து, சுவிட்சைத் திரும்பப் போடுங்கள். கிளவுடில் உள்ளவை தானாக இறங்கும். மெஷினில் மட்டும் இருந்தவை விகார்டிலிருந்து வரும். ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்த பிறகு டெஸ்க்டாப்பில் கிடப்பதைக் குப்பைக்கு அனுப்பலாம்.

தவறிப்போய் எல்லாம் அழிந்துவிட்டாலும் வழி உண்டு. ஐகிளவுட் தளத்திலும் கூகுள் காண்டாக்ட்ஸிலும் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. இரண்டிலும் கெடு 30 நாள்.